இரண்டாவது துவக்கு

விக்னராஜா ஸ்ட்ராத்ஃபீல்டில் இரத்தினசிங்கத்தின் கதவைத் தட்டியபோது நெற்றியில் சந்தனம் இருந்தது, கையில் அவல் பொட்டலம் இருந்தது, முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. எழுபத்து நாலாம் ஆண்டு, அக்டோபர் மாதம், சரஸ்வதி பூசை நாள்.

கதவைத் திறந்தவர் மாடிவீட்டு நரசிம்மன். ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியர். இரத்தினசிங்கம் கொழும்பில் துப்பறியும் பொலிசாக இருந்தவர், இப்போது ஒரு காப்புறுதிக் கம்பெனிக்கு இழப்பு மதிப்பிடுகிறார். அவரிடம் வரும் வழக்குகளுக்காகவே லீவு நாளிலும் நரசிம்மன் காபி குடிக்கக் கீழே இறங்கிவிடுவார். காபி ஒரு சாக்கு.

"அவல் கொண்டு வந்தனான் அண்ணை. பொட்டலம் பிய்ஞ்சு போச்சு, குறை நினையாதேங்கோ. நூலைப் பல்லாலை கடிச்சுத்தான் அறுத்தனான். வீட்டிலை ஒரு கத்தரிக்கோலும் காணேல்லை."

"அவல் இருக்கட்டும். என்ன தொலைஞ்சது?" என்றார் உள்ளே இருந்த இரத்தினசிங்கம்.

"துவக்கு."

துப்பாக்கி என்றதும் நரசிம்மன் கோப்பையை மேசையில் வைத்தார். இப்படி ஒரு வழக்குக்காகத்தான் மனிதர் எத்தனை நாளாகக் காத்திருந்தார்!

விக்னராஜா கதிரையின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். ஒரு பாதுகாப்புக் கம்பெனியில் வேலை, சம்பளப் பணம் ஏற்றிப் போகும் வானுக்குக் காவல். இடுப்பில் கட்டும் பெரிய துவக்கு அலுவலகத்திலேயே இருக்கும். அது சிக்கிக்கொண்டால் உயிரைக் காப்பாற்ற இரண்டாவதாகச் சின்னது ஒன்று வேண்டும் என்று முதலாளி இரண்டு ரிவோல்வர்களைக் கொடுத்தார். இரண்டும் ஐந்து குண்டு போடுபவை, உள்ளங்கை அளவு. குண்டு போடாமல் வெறுமையாகக் காற்சட்டைப் பையில் வைத்து நடந்து பழகு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தா என்பது ஏற்பாடு. தவணை இன்று மாலை ஐந்து மணி.

"இண்டைக்குக் காலமை மேசை லாச்சியைத் திறந்தால் ஒண்டுதான் இருக்கு. காணேல்லை எண்டு சொன்னால் லைசென்ஸ் போயிடும், வேலையும் போயிடும். சரஸ்வதிக்கு முன்னாலை விழுந்து கும்பிட்டுட்டு நேரை இஞ்சை வாறன்."

"மனிசிக்குச் சொன்னீரோ?"

"ஐயோ! நான் அங்கை கணக்கு எழுதிறன் எண்டுதான் சந்திரவதனாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். துவக்கெண்டு தெரிஞ்சால் அவ நித்திரை கொள்ளமாட்டா. சுன்னாகத்திலை கராஜ் வைச்சிருந்தவரின்ரை மகள். சத்தம் பழக்கம், ஆனால் இந்தச் சத்தம் இல்லை."

"மிச்சம் இருக்கிறதைக் காட்டும்."

விக்னராஜா காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு இழுத்தார். வரவில்லை. பின்னால் கொம்புபோல நீட்டிக்கொண்டிருந்த, குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் குதிரை பைத்துணியில் மாட்டியிருந்தது. மறுபடி இழுத்ததும் துவக்கோடு பையும் வெளியே வந்தது. இரத்தினசிங்கம் துவக்கை விட்டுவிட்டுப் பைத்துணியைத்தான் பார்த்தார். அதில் பொடிப்பொடித் தையலாய்ப் புதிதாக ஓர் ஒட்டு.

"தொலைஞ்சதுக்கு இந்தக் குதிரை வெளியிலை இல்லையோ?"

"இல்லை அண்ணை. மூடியிருக்கும், வழுவழுப்பு."

"குண்டுகள்?"

"பெட்டியோடை லாச்சிக்குள்ளை அப்படியே கிடக்கு. பூட்டும் உடையேல்லை. பூட்டின்ரை திறப்பு சுவாமிப் படத்துக்குப் பின்னாலை. அங்கை ஆரும் கை வைக்கமாட்டினமே!"

நரசிம்மனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சார், இது கூட வேலை பார்க்கிறவன் வேலை! ரெண்டுல எது நல்லதுன்னு தெரிஞ்சு எடுத்திருக்கான் பாருங்க. துப்பாக்கி தெரிஞ்ச ஆளு!"

"நல்லதைத்தான் எடுத்திருக்கு, அது சரி. ஆனால் குண்டை விட்டிட்டுப் போற கள்ளன் ஆர்? வாரும், செவன் ஹில்ஸுக்கு, உம்மட வீட்டுக்குப் போவம். காரிலை சொல்றன்."

வழியில் இரத்தினசிங்கம் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "நவராத்திரி வந்தால் வீட்டிலை முதலிலை துடைக்கிறது என்ன?"

"சாமி படம்," என்றார் நரசிம்மன்.

"துடைச்சவவின்ரை கையிலை திறப்பு விழுந்திருக்கும். இந்தக் குதிரை பையைக் கிழிக்கும் எண்டு துவக்கைத் தொடாமலே தெரியக்கூடிய ஆள் ஆர்?"

"பையைத் தைச்சவங்க!"

"துவக்கோடை வேறை என்ன காணாமல் போனது?"

"கத்தரிக்கோல்…" நரசிம்மன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார்! ஆயுத பூஜை!"

"வருஷா வருஷம் சிக்னல் பெட்டிக்குப் பொட்டு வைக்கிற ஆள் நீர். உமக்கு உடனே தோன்றியிருக்க வேணும்."

பின்சீட்டில் விக்னராஜா முனகினார். "எங்கட வீட்டிலை அப்பா வாத்தியார். புத்தகம் மட்டும்தான் அண்ணை வைப்பம்."

"அவவின்ரை அப்பா கராஜ்காரர். அங்கை சாமான் எல்லாம் வைப்பினம்."

சந்திரவதனா வடைமா ஒட்டிய கையோடு கதவைத் திறந்தார். மூன்று முகங்களையும் பார்த்தார். நேரே போய்ப் படத்துக்கு முன்னால் விரித்திருந்த சிவப்புப் பட்டின் ஓரத்தைத் தூக்கினார். தையல் கத்தரிக்கோல், திருகாணி முடுக்கி, அவற்றின் நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்த குட்டி ரிவோல்வர். காலையில் விக்னராஜா விழுந்து கும்பிட்டது இதற்கு முன்னால்தான். நரசிம்மன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார் விக்னராஜா.

"பொக்கற் கிழிஞ்ச அண்டைக்கே. கணக்கு எழுதிறவரின்ரை பொக்கற் இப்படிக் கிழியாது." சந்திரவதனாவின் கண் கலங்கியது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "முதல் கோவம்தான் வந்தது. பிறகு படம் துடைக்கேக்கை திறப்பு கையிலை ஆப்பிட்டுது, லாச்சியைத் திறந்து ரெண்டையும் பார்த்தன். போறவர் போகத்தான் போறார், இழுக்கேக்கை சிக்காததையாவது கொண்டு போகட்டும் எண்டு அதைப் பூசையிலை வைச்சன். நீங்கள் கேட்டால் சொல்லுவம் எண்டிருந்தன். நீங்கள்தான் கேக்கேல்லையே."

விக்னராஜா கையை நீட்டினார். சந்திரவதனா பட்டைச் சட்டென்று மூடினார்.

"நாளைக்கு விஜயதசமி. காலமைப் பூசை முடியாமல் ஒருத்தரும் தொடக்கூடாது."

"ஐஞ்சு மணிக்கு முதலாளி…"

"அவருக்கு வேணாததைத்தானே திருப்பிக் குடுக்கவேணும்?" என்றார் இரத்தினசிங்கம். "அது உம்மட பையிலை இருக்கு."

விக்னராஜா பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் விக்னராஜா போனை எடுத்தார். குதிரை மூடியதை வைத்துக்கொள்கிறேன், மற்றதை இதோ கொண்டு வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். யார் தேர்ந்தெடுத்தது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"என் மனைவி," என்றார் விக்னராஜா. அந்த வீட்டில் வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

சந்திரவதனா வடைத்தட்டை நரசிம்மனின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "போயிட்டு வந்து அந்தக் காற்சட்டையைக் கழட்டித் தாங்கோ. கத்தரிக்கோல் நாளைக்குப் பூசையாலை எழும்பினதும், மற்றப் பொக்கற்றுக்கும் இரட்டைத் துணி வைச்சுத் தைச்சு விடுறன்."