ரோஜ் பால்

குவளையில் முடி இல்லை.

பூவராகவன் குளியலறை விளக்கின் கீழ் குவளையைச் சாய்த்துப் பார்த்தான். ஒரு நாள் முடி முழுவதும் வழித்தாகிவிட்டது. கன்னத்தைத் தடவினால் வழுவழுவென்று இருந்தது. ஆனால் குவளை நீரில் மிதந்த சோப்பு நுரையில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. வாஷ்பேசினிலும் இல்லை, தோளில் கிடந்த துண்டிலும் இல்லை. தண்ணீரோடு போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குவளையைக் கவிழ்த்தான். அரசாங்க ஊழியனுக்குக் காலை ஏழு மணிக்கு அதற்கு மேல் யோசிக்க நேரம் ஏது?

டில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு அவர்கள் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எழுபத்தெட்டு டிசம்பர். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம் வேப்பமரத்தைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. வாளியில் போட்ட இம்மர்ஷன் ராடு 'ஙொய்' என்று முனகிக்கொண்டிருந்தது. ரேஸர் குளியலறைப் பரணில் கிடைத்தது. இந்த வீட்டில் முன்பு இருந்த சேஷன் மறந்து விட்டுப்போன தகர டப்பா, உள்ளே பச்சை வெல்வெட், அதன்மேல் அது.

கடையில் விற்கிற ரேஸர் மாதிரி இல்லை. அவற்றில் பிளேடு மெல்லிசு, இரண்டு பக்கமும் வெட்டும். இதில் ஒரு பக்கம் மட்டும்தான் கூர். மறுபக்கம் தடித்த முதுகு. கட்டைவிரலால் நெம்பினால் தலை வாயைப்போல் மேலே திறக்கும். மூடினால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும். யாரோ வெள்ளைக்காரன் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போனதாக இருக்க வேண்டும். அந்த மாதிரி பிளேடுக்கு அவன் ஐ.என்.ஏ. மார்க்கெட் முழுக்க அலைந்தான். யாரும் கண்டதே இல்லை என்றார்கள். உள்ளே இருந்த ஒற்றை பிளேடுதான் கதி.

முதல் நாள் வழக்கம்போல் அழுத்திவிட்டான். இடது தாடைக்குக் கீழே சர்ரென்று கிழித்தது. மறுநாள் முதல் பக்குவம் பிடிபட்டது. அழுத்தவே கூடாது, அதன் எடையே போதும். தலையைக் கன்னத்தோடு படுக்க வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். சத்தம்தான் கொஞ்சம் அதிகம். தோசைக்கல்லைச் சுரண்டுகிற மாதிரி கரக், கரக், கரக். மூன்று இழுப்பு, பிறகு குவளை விளிம்பில் ஒரு தட்டு. டக். இரண்டு வாரமாகியும் அந்த பிளேடு மழுங்கவில்லை. அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

வெல்வெட்டுக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. சேஷனின் கையெழுத்தாக இருக்க வேண்டும். இந்தி எழுதத் தெரியாத நம்மவர்கள் எல்லோரையும்போல இந்தியைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். அவன் மனைவி பத்மாசனி, மேடிட்ட வயிற்றின்மேல் பீன்ஸ் தட்டை வைத்துக்கொண்டு, அதை உரக்கப் படித்தாள்.

"ரோஜ் பால் தேனா. நஹீ தியா தோ பாலக் லேகா."

படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பால்காரனுக்கு எழுதின சீட்டுன்னா! தினம் பால் போடு, போடலேன்னா பாலக் கீரை வாங்கிப்பேன்னு மிரட்டியிருக்கார் பாருங்கோ."

"பாலுக்குப் பதில் கீரையா? காபியிலே போட்டுப்பாரோ?" என்றான் அவன். சீட்டு ஏன் ரேஸர் டப்பாவில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவள் சிரித்துப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் போயிற்று, இரண்டாவது ஐந்தில். இது ஏழு.

வளைகாப்பு அன்று மாடி வீட்டு ஜெயலட்சுமி மாமி அவனுடைய கன்னத்தைப் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"சேஷனும் இப்படித்தான், ஒரு நாள் தவறமாட்டார். அப்பா போன பத்து நாளும் வழிச்சுண்டாரே, எல்லாரும் காறித் துப்பினா. டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியிலே கிடந்தாரே, அந்த அஞ்சு நாள்தான் அவருக்குத் தாடி. பாவம், அதே வாரம் அவாத்துப் பிள்ளையும் போயிட்டான். எட்டு வயசு. என்ன ஜுரம்னு டாக்டராலேயே சொல்ல முடியலே."

"மாமி, இன்னிக்குப் போய் அதெல்லாம் எதுக்கு?" என்று யாரோ அதட்டினார்கள். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே கும்பகோணத்திலிருந்து அம்மாவின் இன்லாண்டு லெட்டர் வந்தது. 'ஆம்படையாள் கர்ப்பமா இருக்கச்சே க்ஷவரம் பண்ணிக்கப்படாது. போன ரெண்டு தடவையும் ஆபீஸ், ஆபீசர்னு சொல்லி நீ கேட்கலை. என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டாம்.' கடைசி வரியை அவன் இரண்டாம் முறை படிக்கவில்லை. அது அவனுக்குள்ளேயும் இருந்த சந்தேகம்தான்.

பத்மாசனி கடிதத்தை மடித்து அவன் கையில் கொடுத்தாள். "எனக்கு இதிலே எல்லாம் நம்பிக்கை உண்டோ இல்லையோ, தெரியலே. ஆனா இந்தத் தடவை ஒண்ணையும் விட்டுட வேண்டாமே. எனக்காகன்னா."

"இன்னிக்கே நிறுத்தியாச்சு" என்றான். மனதாரச் சொன்னான். டப்பாவை மூடிப் பரணில் தூக்கி வைத்தான். குழந்தைக்காக ஏதோ ஒன்றையாவது தானும் செய்கிறோம் என்று அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை பல் தேய்க்கப் போனபோது டப்பா கண்ணாடித் தட்டில் இருந்தது. பத்மாசனிக்குப் பரண் எட்டாது. இரண்டாம் நாள் டப்பா திறந்திருந்தது, ரேஸரின் தலையும் திறந்திருந்தது. மூடுவதற்காகத் தொட்டான். தண்ணீர்க் குழாயைத் தொட்டால் விரல் மரத்துப்போகிற ஜனவரிக் குளிரில், அந்த உலோகம் வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. சோப்பு வாசனை இல்லை. வேறு ஏதோ, லேசான உப்பு வாசனை. கையை மூன்று முறை கழுவினான்.

மூன்றாம் நாள், குளிர் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பத்மாசனி வயிற்றைத் தடவிக்கொண்டு நெளிந்தாள். "கூசறதுன்னா. உள்ளேருந்து யாரோ மெள்ள சுரண்டற மாதிரி. காத்தாலேர்ந்து."

"உதைக்கிறதா?"

"உதையே இல்லே இன்னிக்கு. சுரண்டல்தான்."

நான்காம் நாள் ஞாயிறு. டப்பாவை எடுத்துக்கொண்டு மார்க்கெட் முனைக்குப் போனான். அங்கே வேப்பமரத்தில் கண்ணாடி மாட்டிச் சவரத் தொழில் செய்கிற பன்சியிடம் ரேஸரைத் தள்ளிவிட்டால் போதும், காசுகூட வேண்டாம். பன்சி பச்சை வெல்வெட்டைப் புரட்டினான். சீட்டை எடுத்தான்.

"க்யா லிகா ஹை, சாப்?"

பூவராகவன் படித்துக் காட்டினான். பன்சி சிரித்தான். மதராசி சாப்களின் இந்தி அவனுக்கு எப்போதும் வேடிக்கைதான். 'பால்' என்று உதட்டை அழுத்தித் திருத்திச் சொல்லி, தன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காட்டினான். பால் இல்லை சாப், முடி. தினம் முடி கொடு.

"அவுர்... பாலக்? சப்ஜி, நா?" கீரைதானே என்று பூவராகவன் கேட்டான்.

பன்சி மறுபடி ஒருமுறை அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. உள்ளங்கையைக் குப்புறப் பிடித்துத் தன் முழங்கால் உயரத்துக்குக் காட்டினான்.

"சப்ஜி நஹீ, சாப். பாலக். பச்சா."

தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. இந்த ரேஸரை விற்ற கடைக்காரன் எவனோ சொன்னதைச் சேஷன் கேட்டபடி எழுதி வைத்திருக்கிறார். பாலக். பாலகன். கொடுக்காவிட்டால் குழந்தையை எடுத்துக்கொள்ளும். பன்சி டப்பாவை மூடி, தொடப் பிடிக்காதவனைப்போல் ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினான். "வாபஸ் லே ஜாவோ. ஜல்தி."

டப்பாவோடு வீட்டுக்கு ஓடினான். செருப்பு ஒன்று வழியில் போயிற்று.

குளியலறைக் கதவைத் தாழிட்டான். சோப்புப் போடவில்லை. நான்கு நாள் தாடியின்மேல் ரேஸரை வைத்து இழுத்தான். சத்தம் இல்லை. மறுபடி இழுத்தான். கண்ணாடியில் பார்த்தான். தாடி அப்படியே இருந்தது. அழுத்தினான். முதல் நாள் லேசாக அழுத்தியதற்கே கிழித்த பிளேடு, இப்போது ஸ்பூனின் முதுகைப்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மீசை. புருவம். முன்கை. ஒரு முடி அறவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடுங்கினான், வலியில் கண் கலங்கிற்று, அந்தத் திறந்த வாயில் திணித்து மூடினான். டக். திறந்தான். முடி அப்படியே தரையில் விழுந்தது.

அதற்கு இனி முடி வேண்டியிருக்கவில்லை.

"எடுத்துக்கோயேன்" என்றான், ரேஸரைப் பார்த்து. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்துக்கோ. என்னை எடுத்துக்கோ."

கையில் அது மெள்ள மெள்ளச் சூடாகிக்கொண்டிருந்தது.

"ஏன்னா!" வெளியிலிருந்து பத்மாசனி. குரலில் சந்தோஷம். "சீக்கிரம் வாங்கோ! குழந்தை காலைக் காட்டறது பாருங்கோ!"

போனான். எப்படிப் போனான் என்று தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தாள். புடவையை விலக்கியிருந்தாள். ஜன்னல் வெயில் வயிற்றின்மேல் விழுந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாதம். தெரியறதோ?"

தெரிந்தது. பாதம் இல்லை. பாதம் வளைந்திருக்கும். இது நேர்க்கோடு. ஒன்றரை அங்குலம், அந்த பிளேடின் நீளம். உள்ளேயிருந்து தோலை லேசாகத் தூக்கிக்கொண்டு, தொப்புளுக்கு மேலிருந்து கீழே, சின்னதாக, நிதானமாக இறங்கியது. அழுத்தாமல். தன் எடையிலேயே.

கரக்.

மறுபடி மேலே போயிற்று.

கரக்.

கரக்.

நின்றது. உள்ளே எதன்மேலோ எதுவோ தட்டியது.

டக்.

பத்மாசனி அவன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பொத்திக்கொண்டாள்.