சோதனைக்குப் போட்ட எண்

இரண்டு வருஷமாகத் திரையில் நடுக்கடலில் அசையாமல் கிடந்த சிவப்புப் புள்ளி, அன்று சாயங்காலம் கரையில் இருந்தது.

கப்பல்களைக் கண்காணிக்கும் வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தேதான். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. உலக வரைபடத்தோடும் செயற்கைக்கோள்களோடும் போன வாரம் அவளே இணைத்துவிட்ட ஏஐ உதவியாளர் ஒன்றுதான். சொல்லிக்கொடுத்தபடி அது அவளை அக்கா என்று கூப்பிடும். அதற்கே மனசு இளகிப்போகிற நிலையில் இருந்தாள், பாவம்.

இணைப்பு சரியா என்று பார்க்க, ஏதாவது ஒரு கருவியின் எண்ணைக் கொடுத்து ஒரு கட்டளை போட வேண்டும். மற்றவர்கள் கைக்குக் கிடைத்த எண்ணைப் போடுவார்கள். இவளுக்கு மனப்பாடமாய்த் தெரிந்தது, கப்பலோடு மூழ்கிப்போன கணவனின் உயிர்காப்பு அங்கியில் சிவப்பாக மினுக்கும், இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியின் எண். உடல்கூடக் கிடைக்கவில்லை. "அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்று அடித்தாள். அழுதாள். அழுத அழுகையில் கட்டளையை அழிக்க மறந்துபோனாள்.

இப்போது புள்ளி மேம்பாலத்தைக் கடந்தது. மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சிக்னல் கோளாறா இருக்கும்மா. விட்டுட்டு ஒரு டீயைக் குடிங்க."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தெருக்கோடியில் நாய்கள் விடாமல் குரைத்து, ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. மழையே இல்லாத அந்த நேரத்தில் எங்கிருந்தோ உப்பும் டீசலும் அழுகிய பாசியும் கலந்த வாடை வந்து நாக்கில் ஒட்டியது. மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். ஈரத்துணியை இழுத்து இழுத்துப் போடுகிற மாதிரி சத்தம்.

வந்துவிட மாட்டானா என்று ஏங்கியவள்தான். இப்போது உதவியாளரிடம் கத்தினாள்.

"அவரை நிறுத்து! வழி சொல்லாதே!"

"வழி சொல்றதை மேம்பாலத்துலயே நிறுத்திட்டேன் அக்கா."

"அப்புறம் எப்படி வர்றார்?"

"அவருக்கே வழி தெரியுது."

கதவைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. தாழ்ப்பாளும் போட்டிருந்தது.

காலடி நின்றது.

திரையில் நீலப் புள்ளி அவள். சிவப்பு, வாசலில். கதவு திறக்கவில்லை. சிவப்பு நகர்ந்தது. நீலத்தின் மேல் வந்து நின்றது.

"அக்கா, கூட்டிட்டு வந்தாச்சு."

திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவள் முகம். பிடரியில் குளிர்ந்த தண்ணீர் சொட்டியது. அவள் தோளுக்கு மேலே, சின்னதாய், ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.