முந்திக்கொண்ட எண்

கடைசி இலக்கத்தை அவன் இன்னும் தட்டவே இல்லை. அதற்குள் திரை சிவந்து, 'இந்த எண் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்றது.

அவன் வேலை பார்க்கும் ரத்த வங்கியின் தரவுத்தளத்துக்குள் நுழையக் கடவுச்சொல் மட்டும் போதாது. நிமிடத்துக்கொரு புது எண் காட்டும் டோக்கனும் வேண்டும். அதை யார் வீட்டுக்குச் சுமப்பது என்ற சண்டை முற்றியதில், டோக்கனை அலுவலக மேசையில் ஒட்டி, வீட்டிலிருந்தே எண்ணைப் பார்க்க எதிரே ஒரு கேமராவை நிறுத்திவிட்டார்கள். திருடனுக்கு டார்ச் பிடிக்கும் ஏற்பாடு. இன்று பூச்சிமருந்து அடிப்பதால் அலுவலகத்தில் ஆளில்லை, கதவிடுக்கெல்லாம் டேப். கேமராவில் புகை பால்போல் புரண்டது, நடுவே எண்கள் மட்டும் மிதந்தன. அவன் வீட்டில், பக்கத்து அறையில் துணி துவைக்கும் இயந்திரம் முனகியது.

காலையிலிருந்து எந்தக் கிளையாலும் தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை. அக்கா அறுவை அரங்கில். அவளுடைய அரிய வகை ரத்தம் எந்தக் கிளையில் இருக்கிறதென்று தரவுத்தளத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அத்தான் அழைத்தார். "மாப்ளே, டாக்டர் வெளிய வந்து வந்து முறைக்கிறார்டா. ஆச்சா?"

"ரெண்டு நிமிஷம் அத்தான்."

அடுத்த எண். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. அதற்கடுத்ததும். மேசையைக் குத்தினான், கைதான் வலித்தது. மேலாளரை அழைத்தான்.

"சார், எனக்கு முன்னாடியே யாரோ எண்ணைப் போடுறாங்க."

"ஒரு எண் ஒரு தடவைதான்யா செல்லும். அதுக்குத்தானே அதை வாங்கினோம்?" சலிப்போடு பதிவுகளைத் திறந்தவரின் குரல் இறங்கியது. "நீதான் உள்ள இருக்கியே. ஆபீஸ் கம்ப்யூட்டர்லருந்து."

"நான் வீட்ல இருக்கேன் சார்."

"விளையாடாதப்பா. உங்க அக்காவுக்கு ஒரு பை அனுப்பினதா இப்பதானே பதிஞ்ச?"

"எந்தக் கிளையிலருந்து?"

"அந்த இடம்... காலியா இருக்கு."

கேமராவில் புகை அசைந்தது. எண்கள் மெல்ல மேலெழுந்தன. யாரோ டோக்கனைப் பிய்த்துத் தூக்கிப் பிடித்தார்கள். நேராக. அவன் படிக்க வசதியாக. விரல்கள் தெரிந்தன. நகங்கள் இல்லை.

பிறகு திரையில் புகை மட்டும்.

போன் அடித்தது. அத்தான் அழுதுகொண்டே சிரித்தார். "நீ தெய்வம்டா மாப்ளே! நீ அனுப்பின ஆள் வந்துட்டார். ரத்தம் ஏத்துறாங்க!"

"நிறுத்தச் சொல்லுங்க அத்தான்."

"என்னடா உளர்ற?"

"நான் யாரையும் அனுப்பலை. நிறுத்தச் சொல்லுங்க!"

அத்தான் நடக்கும் சத்தம். நின்றது.

"மாப்ளே... கண்ணாடி வழியா பாக்குறேன். கம்பியில தொங்குற அந்தப் பை..."

"சொல்லுங்க."

"துடிக்குதுடா."