சுவர் கேட்ட சத்தியம்

உறையூர் வீட்டின் கூடத்துக்குள் நுழைந்ததும் பரிமளம் வாயை இறுக மூடிக்கொண்டாள். பழக்கதோஷம். சுவர்ச்செவி வந்த நாளிலிருந்து திருச்சியில் எந்தத் தரகரும் வீட்டுக்குள் வாய் திறப்பதில்லை. வாங்க வந்தவர் எதைக் கேட்டாலும், "வாங்க, டீ குடிச்சிட்டே பேசுவோம்" என்று தெருமுனைக்கு இழுத்துப் போய்விடுவார்கள். புளுகுவதற்கு அதைப்போல் தோதான இடம் கிடையாது. தெருமுனைக்கு ஏது சுவர்?

பேச்சுச் சத்தம் படும்போதெல்லாம் சுவரின் பூச்சு மயிரிழை அதிர்கிறது, அந்த அதிர்வு கண்ணுக்குத் தெரியாத வடுவாகக் காரைக்குள் தங்கிவிடுகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அந்த வடுக்களை வருடி மறுபடியும் பேச்சாக்கும் கருவிதான் சுவர்ச்செவி. தேங்காய்மூடி அளவுதான் இருக்கும். சுவரில் ஒட்டி, குமிழைக் காதில் செருகிக்கொண்டால் போதும். மேலடுக்கில் நேற்றைய பேச்சு. உள்ளே போகப் போகப் பழைய பேச்சு.

அதன்பின் வீட்டின் விலையை அதற்குள் பேசப்பட்ட பேச்சு தீர்மானிக்க ஆரம்பித்தது. அடிதடி நடந்த வீடு அடிமாட்டு விலைக்குப் போனது. விற்பதற்கு முன் ஆள் பிடித்து ஒரு மாதம் வீட்டுக்குள் சிரிக்க வைக்கும் கில்லாடிகளும் முளைத்தார்கள். தொழிலில் அதற்குச் 'சிரிப்புப் பூச்சு' என்று பெயர். கடைசியில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. 'மனைச்செவியர்' பட்டம் பெற்றவர்கள்தான் இனிக் கட்டிய வீட்டை விற்கலாம். மற்றவர்களுக்கு வெறும் காலி மனைதான்.

பரிமளத்துக்குக் காலி மனை ஆகாது. இருபத்திரண்டு வருடமாக அவள் விற்றதெல்லாம் வீடுகள். அடுப்பு எந்தப் பக்கம், துணி காயப்போட வெயில் வருமா, கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு மூலை இருக்கிறதா என்று பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆசை. இந்தப் பட்டம் கிடைக்காவிட்டால் இனி எந்த வீட்டுக்குள்ளும் அவள் சாவியோடு நுழைய முடியாது. எழுத்துத் தேர்வில் இரண்டு முறை சறுக்கி, மூன்றாவது முறையில்தான் செய்முறைவரை வந்திருக்கிறாள். நான்காவது முறைக்கு விதியில் இடமில்லை.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு வீடு தருவார்கள். அதன் சுவர்களைக் கேட்டு, வாங்குபவரிடம் சொல்லியே ஆகவேண்டியதை எல்லாம் எழுதித் தரவேண்டும். இதில்தான் மூத்த தரகர் சவரிராஜ் மூன்று தடவையும் தோற்றார். பக்கத்துத் தெருவில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று சொல்லக்கூடிய காது அவருக்கு! அவர் எப்படித் தோற்றார் என்பது பரிமளத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தேர்வாளர் நஃபீஸா வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பரிமளம் கருவியைச் சுவரில் ஒட்டினாள். மேலடுக்கில் கலகலவென்று ஒரே சிரிப்பு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். பூச்சு! குறித்துக்கொண்டாள். அதற்குக் கீழே பொதுச்சுவருக்காகப் பக்கத்து வீட்டோடு வாய்த்தகராறு. அதையும் குறித்தாள். பிறகு மழை. ஒழுகும் தண்ணீர் பாத்திரத்தில் டொக் டொக்கென்று விழும் சத்தத்தோடு ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அந்தத் தரகு அம்மா பொண்ணு மேல சத்தியம் பண்ணிச்சேங்க. ஒரு சொட்டு ஒழுகாதுன்னுச்சே."

"அவ பொண்ணு விளங்குமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. பொய் சொன்னது அவ. அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு? சமயபுரத்தா, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது தாயே."

பரிமளம் இன்னும் கீழே போனாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய அடுக்கில் அவளே பேசினாள்; விற்ற எத்தனையோ வீடுகளில் இது நினைவிலிருந்தே போயிருந்தது. "ஒரு சொட்டு ஒழுகாதும்மா. என் பொண்ணு மேல சத்தியம்!"

பரிமளத்துக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. தொழிலுக்கு வந்த முதல் வருடத்திலேயே கண்டுபிடித்த உபாயம் அது. இல்லாத பெண்மேல் செய்த சத்தியம் யாரை அடிக்கப் போகிறது? எந்த வீட்டில் யார் தயங்கினாலும் அந்தப் பெண்ணைத்தான் முன்னால் நிறுத்துவாள். தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்தும் இருக்கிறாள்.

யாரோ ஒருத்தி, ஒழுகும் கூரைக்கடியில் நின்றுகொண்டு, அந்த இல்லாத பெண்ணுக்காக வேண்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே அழுகையும் வந்தது. எழுதினால் பட்டம் போய்விடும். எழுதாமலும் விட முடியவில்லை. 'கூரை ஒழுகும். ஒழுகாது என்று பொய்ச் சத்தியம் செய்து விற்றது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் வாரிய அலுவலகத்தில் நஃபீஸா முத்திரைப் பட்டயத்தை நீட்டினாள்.

"பழைய தரகர்கள் எல்லாருக்கும் அவங்களே வித்த வீட்டத்தான் குடுப்போம் மேடம். தன் குரல மறைக்காம எழுதினது இந்த வருஷம் நீங்க மட்டும்தான். வாழ்த்துகள். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

பரிமளம் பூரிப்போடு போட்டாள். வெளித் தாழ்வாரத்தில் சவரிராஜ் காத்திருந்தார்.

"பதினேழாம் விதியப் படிச்சியா பரிமளம்?"

"அது என்னண்ணே?"

"பட்டம் வாங்கினவங்க குரல் பொதுப் பேரேட்டுல ஏறிடும். இனி எந்த வீட்டுச் சுவர்ல உன் குரல் கேட்டாலும் கருவியில உன் பேரும் நம்பரும் வந்துரும். நீ இதுவரைக்கும் காட்டின அத்தனை வீட்டுலயும். நான் என்ன, காது கேக்காமயா மூணு தடவை தோத்தேன்?"

பத்திரத்தை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். அப்போது கைப்பேசி அடித்தது.

"பரிமளம் மேடங்களா? பீமநகர் மாடி வீடு. பதினாலு வருஷத்துக்கு முன்ன நீங்கதான் முடிச்சுக் குடுத்தீங்க. எங்க சுவர்ச்செவியில இப்பத்தான் உங்க பேரு வந்துச்சு." வயதான பெண்குரல். கொஞ்சம் தயங்கியது. "வீடு கிடக்குது விடுங்க. உங்க பொண்ணு நல்லா இருக்காளா?"

சவரிராஜ் அவசரமாகத் தெருப்பக்கம் கைகாட்டினார். வெளியே போய்ப் பேசு என்று அர்த்தம். பரிமளம் பழக்கத்தில் இரண்டு எட்டு வைத்துவிட்டாள். அப்புறம் நின்றாள். திரும்பி வந்து, சுவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"எனக்குப் பொண்ணே கிடையாதும்மா" என்றாள்.