மாலைப் பால்

குறி கேட்கப் போட்ட பிறைக்கட்டைகள் இரண்டும் மூன்றாவது முறையும் குப்புறவே விழுந்தன. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால்தான் ஆம், இறந்தவர் வயிறார உண்டுவிட்டார் என்று பொருள். அதுவரை படையலில் யாரும் கை வைக்கக் கூடாது.

"அம்மாவுக்கு இன்னைக்கு அகோரப் பசி போல," என்று சிரித்தான் தெக்சாய். "செத்து ஒரு வருஷம் ஆச்சு, பிடிவாதம் மட்டும் போகல. நீ கேட்டுக்கிட்டே இரு சியூகிம். நான் ஸ்டேஷனுக்குப் போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துடறேன்."

ஸ்கூட்டர் சத்தம் சந்து முனையில் தேய்ந்தது. சியூகிம் மாமியாரின் படத்துக்கு முன்னால் தனியாக நின்றாள். ஊதுபத்திப் புகையும், சோயாவில் வெந்த பன்றிக்கறியின் மணமும், சாயங்கால வெயிலில் காய்ந்த தகரக் கூரையின் புழுக்கமும் கூடத்தை நிறைத்திருக்க, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து புளித்த பால்மாவின் வாடை மெல்லக் கிளம்பியது. பிறகு பின்னறையில் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

பக்கவாதத்தில் பேச்சிழந்து இரண்டு வருடம் கிடந்த மாமியாருக்கு, இடது சுட்டுவிரல் ஒன்றுதான் அசைந்தது. பால் நேரம் வந்தால் கட்டில் கம்பியைத் தட்டும். மூக்குக் குழாயில் மாலைப் பால் விட்டால் ராத்திரி எழுந்து துணி மாற்ற வேண்டும். கடைசி மாதங்களில் சியூகிம் அந்தப் பாலை விடவேயில்லை. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எலும்பும் தோலுமாகிவிட்ட அம்மாவைப் பார்த்து தெக்சாய் அழுதபோது, "வயசாச்சில்ல" என்றாள்.

"அத்தை... அந்தப் பாலா?"

கட்டைகள் விழுந்தன. ஆம்.

பால்மாவைக் கலக்கிக் கொண்டுவந்து படத்தின் முன் வைத்தாள். "போதுமா?" இல்லை. "உங்க ரூமுக்குக் கொண்டுவரணுமா?"

ஆம்.

பின்னறையில் கட்டிலை இன்னும் அப்புறப்படுத்தியிருக்கவில்லை. கோப்பையைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, கட்டைகளைக் கையில் பிடித்தபடி மெத்தையில் உட்கார்ந்தாள். தட்டல் நின்றிருந்தது.

"அத்தை, நான் பண்ணினது பாவம். அப்போ... உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதா?"

கட்டைகள் தரையில் உருண்டு நின்றன. ஆம்.

"இப்பவுமா?"

குனிந்து எடுக்கப் பார்த்தாள். முதுகு வளையவில்லை. வலக்கை தொங்கியது. உடம்பு தானாகப் பின்னால் சரிந்தது. தலையணையில் அந்த வாடை. மாமியாரின் தலை பதிந்த அதே பள்ளம். அவள் தலைக்குச் சரியாகப் பொருந்தியது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

"சியூகிம்! அம்மா சாப்பிட்டு முடிச்சாங்களா?"

வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. திடீரென்று பசித்தது, மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவளின் பசி. பால் பக்கத்திலேயே ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஆளையே காணோமே," என்றாள் நாத்தனார். "கடைக்குப் போயிருப்பா. கட்டையையும் காணோம். வா, ரெண்டு காசைப் போட்டு நாமளே கேட்டுப் பார்ப்போம்."

கூடத்தில் காசுகள் விழும் ஓசை. தெக்சாயின் குரலில் சிரிப்பு. "அப்பாடா! ஆமாவாம்க்கா, வயிறு நிறைஞ்சிடுச்சாம்!"

கிண்ணங்களை எடுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். பின்னறையில், சியூகிமின் இடது சுட்டுவிரல் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது.

டக். டக். டக்.