கூழ் குடித்தால் சாப்பிட்டதா?

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊருக்குச் சில நாளாகப் பஸ் வரவில்லை. அது 1987. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு அரிசி ஏற்றிவந்த லாரி எங்கே நிற்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

"கொஞ்சூண்டு அரிசிதான் இருக்குது சார். எல்லாருக்கும் காணாதுங்க" என்றார் சமையல் செய்யும் ராஜாம்பாள்.

தனசேகரன் சார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். யோசித்துவிட்டு வகுப்புக்குள் வந்தார்.

"காலையில வீட்ல சாப்பிடாதவங்க மட்டும் கை தூக்குங்க. அவங்களுக்குத்தான் இன்னைக்குச் சோறு."

மொத்த வகுப்பும் கை தூக்கியது.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு கையும் இறங்கவில்லை.

"டேய் அய்யனார், உதட்டுக்கு மேல என்னடா வெள்ளை மீசை?"

"கூழு சார்."

"அப்போ சாப்பிட்டிருக்கியே!"

"இல்ல சார், குடிச்சேன்."

"சந்தியா, நீ?"

"களி முழுங்கினேன் சார்."

"அதுவும் சாப்பாடுதானே?"

"ஐயோ, சாப்பிடல சார். முழுங்கினேன்!"

சாருக்குத் தலை சுற்றியது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் அரிசிச் சோறு தின்றால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு.

இசைவாணியும் கை தூக்கியிருந்தாள். கம்பங்கூழ் குடித்துவிட்டு வந்தவள்தான். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழரசன் தூக்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

"நீ இன்னாடா குடிச்ச?" என்று கிசுகிசுத்தாள்.

"ஒண்ணும் குடிக்கல. அம்மாவுக்குக் காய்ச்சல், அடுப்பே பத்த வைக்கல. சேலத்துக்குக் கூலி வேலைக்குப் போன அப்பாவும் பஸ் இல்லாம அங்கயே மாட்டிக்கினாரு."

"அப்ப ஏன் கைய எறக்கின?"

"எல்லாரும் தூக்கிக்கினு இருக்காங்க. எனக்கு எங்க கெடைக்கப் போவுது?"

இசைவாணிக்குச் சங்கடமாகிவிட்டது. கூடவே ஒரே குழப்பம். நான் சாப்பிடவில்லை. ஆனால் வயிறு நிறைந்திருக்கிறது. ரெண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியது. பட்டென்று எழுந்து நின்றாள்.

"சார், கேள்விதான் சார் தப்பு!"

வகுப்பே வாயைப் பிளந்தது.

"யாருக்கு வயிறு காலியா இருக்குதுன்னு கேளுங்க சார்."

சார் அப்படியே கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அய்யனார் மட்டும் வயிற்றைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம் எடம் இருக்குது சார்" என்று இழுத்தான். சார் முறைத்ததும் அவன் கையும் இறங்கியது.

தமிழரசன் கையை மறுபடி தூக்கினான். அவனுக்கும் இன்னும் சிலருக்கும் அன்று சோறு கிடைத்தது.

"நாளைக்கு இன்னா பண்றது? இதுவும் கெடையாதே" என்று ராஜாம்பாள் பானையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"கம்பு இருக்குதே அக்கா! எல்லார் வூட்டுலயும் இருக்குது. ஆளுக்கு ஒரு பிடி கொண்டாறோம்" என்றாள் இசைவாணி.

"சத்துணவுல கம்பா? யாராவது கேட்டா சிரிப்பாங்கடி."

"சிரிக்கிறதுக்கு யாரும்மா வரப்போறா? பஸ்ஸே இல்லையே!" என்றார் சார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசல் சந்தை மாதிரி ஆகிவிட்டது. சந்தியா காராமணிப் பயறு கொண்டுவந்தாள். அய்யனார் முருங்கைக் கிளையையே ஒடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பெரிய பப்பாளிப்பழம்கூட ஒன்று வந்தது. பிள்ளைகள் கொண்டுவந்த கம்பை இடித்து, ராஜாம்பாள் கம்பஞ்சோறு பொங்கினார். காராமணிக் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் மணந்தன.

தனசேகரன் சார் முதல் வாயைச் சந்தேகத்தோடுதான் வைத்தார். அப்புறம் பேச்சே இல்லை, தட்டு காலி!

ராஜாம்பாள் தமிழரசனின் அம்மாவுக்கென்று ஒரு தூக்கில் கொஞ்சம் எடுத்து வைத்தார். அவனோ மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பப்பாளித் துண்டையும் விடவில்லை. கை கழுவி வந்தவன், சும்மா போகாமல் இசைவாணியின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினான்.

'அடப்பாவி! உடம்புக்குத் தெம்பு வந்துடுச்சா?'

துரத்திப் போய் இரண்டு வைக்கலாம்தான். ஆனால் தட்டில் இன்னும் பொரியல் இருந்தது. முதலில் இதை முடிப்போம் என்று அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.