பின் இடது கண்ணாடி

மூன்று மணி வெயிலில் பெருமாள்ராஜ் புதுக் காரை ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு மஞ்சள் பையோடு இறங்கினார். பையிலிருந்து அவர் எடுத்து மேசைமேல் வைத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. காரின் கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் ஆளும் மாட்யூல். சீவலப்பேரி ஆற்றில் பாய்ந்த அவருடைய பழைய காரில் மிச்சம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உடைபட்டு இரும்புக்குப் போய்விட்டது.

உள்ளே பதிந்திருப்பதை எல்லாம் அழித்துக் கொடு என்று மெக்கானிக் கலையரசியிடம் சொன்னார். ஒர்க்‌ஷாப் முதலாளியும் போனில் அதையே சொல்லியிருந்தார்.

கலையரசி எதையும் குறித்துக்கொள்ளாமல் அழிக்க மாட்டாள். அவள் போகும் மாலைநேர மெக்கானிக் வகுப்பில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். போதாததற்கு, தன் கை செய்ததை அவளே நம்புவதில்லை. மின்சாரத்துக்கு இரண்டு வயர், கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனருக்கு இரண்டு வயர் கொடுத்தாள். கதவும் சுவிட்சும் இல்லாத பெட்டி என்பதால் திரையில் பத்தொன்பது கோளாறுகள் வந்தன. எதிர்பார்த்ததுதான். ஒவ்வொன்றாக எழுதி முடித்தாள்.

அப்போது ஒரு வரி மட்டும் மாறியது.

பின் இடது கண்ணாடி சுவிட்ச்: ஆன்.

ஆஃப்.

ஆன்.

வயரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். மேசையில் சுவிட்சே கிடையாது. ஆனாலும் யாரோ விரலை எடுத்து எடுத்து அமுக்குவதுபோல் அந்தச் சொல் மாறிக்கொண்டே இருந்தது. கண்ணாடியை இறக்கச் சொல்லி ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்துப் பார்த்தாள். மறுத்தது. டிரைவர் பக்கத்திலிருந்து பூட்டியிருக்கிறதாம்.

ஆற்று வண்டலின் வாடை எழுந்தது.

பெருமாள்ராஜ் வீட்டில் சமையல் செய்த சுடலைவடிவை, கார் ஆற்றில் விழுந்த நாளிலிருந்து காணோம். எவனோடோ போய்விட்டாள் என்று ஊரில் பேச்சு. காரில் தான் மட்டுமே இருந்ததாகவும், கதவைத் திறந்து நீந்திக் கரையேறியதாகவும் அவர் போலீசில் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் தூக்கியபோது காரின் பின்கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

“அண்ணாச்சி, பின்னால யாரும் இருந்தாங்களா?”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. சலிப்புதான் இருந்தது.

“அன்னைக்கும் இப்படித்தான். விடாம அமுக்கிக்கிட்டே கெடந்தா.”

அழிக்கும் பொத்தானை அவரே தட்டினார். வயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டியைப் பைக்குள் திணித்தார்.

“நீ வகுப்பு விட்டு ஆத்துப்பாலம் வழியாத்தானே வீட்டுக்குப் போற? பாத்து, பைய போம்மா.”

மறுநாள் காலை சுடலைவடிவின் புருஷன் கருத்தையா தன் லோடு வண்டியைக் கொண்டுவந்தார். வண்டியில் இழுவை இல்லையாம். பேருந்து நிலையத்தில் காட்டிக் காட்டி மூலை மடங்கிப்போன மனைவியின் படம் அவர் சட்டைப்பையில் தெரிந்தது. கையால் சுற்றிக் கண்ணாடி இறக்கும் வண்டி அது. பின் கதவே கிடையாது. கலையரசி ஸ்கேனரை மாட்டினாள்.

பின் இடது கண்ணாடி சுவிட்ச்: ஆன்.

ஆஃப்.

ஆன்.

கருத்தையா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். சொல் மாறாமல் ஆன் என்றே நின்றது. அமுக்கிய விரலை யாரோ எடுக்காமல் வைத்திருப்பதுபோல்.

“என்னம்மா காட்டுது?”

அவள் வாயைத் திறந்தாள். பாலமும் அதன் கீழே இருட்டும் கண்ணுக்குள் வந்தன.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஏர் ஃபில்டர்ல அடைப்பு.”

ஃபில்டரைத் தட்டி மாட்டிக் கொடுத்தாள். அவர் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். எதிலும் மாட்டாத ஸ்கேனர் மேசையில் கிடந்தது. வண்டியின் சத்தம் தெருமுனை திரும்பி அடங்கும்வரை ஸ்கேனர் திரையில் ஆன் என்றே இருந்தது.

ஆஃப்.

கலையரசி மூச்சு விட்டாள்.

ஆன்.